வடசென்னையில் வாக்குறுதி ஒருவர் கையில், சாவி இன்னொருவர் கையில்

2021 சட்டமன்றத் தேர்தலின்போது எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன நோட்டீஸ்களை நான் தூக்கிப் போடவில்லை. தண்டையார்பேட்டையில் சின்ன வீடு. பழைய பால் கணக்கு நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தேன். சில நாட்களுக்கு முன்பு அவற்றை எடுத்துத் தரையில் பரப்பிப் பார்த்தேன். சின்னத்தையும் தலைவர் படத்தையும் கையால் மறைத்துக்கொண்டு படித்தால், எது எந்தக் கட்சியுடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நல்ல தண்ணீர், பட்டா, மேம்பாலம், பிள்ளைகளுக்கு வேலை, குப்பைமேட்டுக்குத் தீர்வு. எல்லாத் தாளிலும் இதேதான்.

அப்படியென்றால் இங்கே எதிரெதிராக நின்றவர்களுக்குள் கொள்கை வேறுபாடே கிடையாதா? நிறையவே உண்டு. அது நோட்டீஸில் ஏறவில்லை, அவ்வளவுதான். வேட்பாளர் சொல்கிற ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பின்னால் ஒரு பூட்டு இருக்கிறது. அதன் சாவி சில சமயம் மாநில அரசிடம், சில சமயம் மத்திய அரசிடம், சில சமயம் மாநகராட்சியிடம் இருக்கும். சாவி யாரிடம் என்று தெரிந்துகொண்டு அதே நோட்டீஸைத் திரும்பப் படித்தால், யார் துணிந்து பேசியிருக்கிறார், யார் நழுவியிருக்கிறார் என்பது பளிச்சென்று தெரியும். அதற்கு 2021 தேர்தலை எடுத்துக்கொள்கிறேன். அன்று சொன்னதும் பிறகு நடந்ததும் நம் கண் முன்னால் இருக்கின்றன.

வடசென்னை மக்களவைத் தொகுதிக்குள் திருவொற்றியூர், ஆர்.கே.நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க.நகர், ராயபுரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் வருகின்றன. பேச்சு வழக்கில் துறைமுகம், மணலி, மாதவரம் பக்கத்தையும் நாம் சேர்த்துக்கொள்வோம். 2021இல் ஆறிலும் திமுக ஜெயித்தது. ராயபுரத்தில் ஐந்து முறை வென்று, மீன்வளத்துறை அமைச்சராகவும் இருந்த அதிமுகவின் ஜெயக்குமாரே தோற்றார். ஆனால் இது கண்ணை மூடிக்கொண்டு ஒரே கட்சிக்குக் குத்துகிற ஊர் இல்லை. ஜெயலலிதாவை இரண்டு முறை அனுப்பிய ஆர்.கே.நகர், அவர் மறைவுக்குப் பிறகு 2017 டிசம்பர் இடைத்தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளையும் ஓரம் தள்ளி, சுயேச்சையாக நின்ற தினகரனை 40,000-க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது.

முதலில் காசு சம்பந்தப்பட்ட வாக்குறுதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது திமுக. 1,500 ரூபாய் என்றது அதிமுக. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்றது திமுக. பாதிக் கட்டணம் என்றது அதிமுக. வருடத்துக்கு ஆறு சிலிண்டர் இலவசம், வாஷிங் மெஷின் என்பவை அதிமுகவின் அறிக்கையில் இருந்தன. பெட்ரோல் விலையில் 5 ரூபாய் குறைப்பு திமுகவின் 505 வாக்குறுதிகளில் ஒன்று.

இதில் பேருந்துதான் சுத்தமாக நடந்தது. 2021 மே 8ஆம் தேதியே இலவசப் பயணம் தொடங்கிவிட்டது. காரணம் எளிது. பேருந்து மாநில அரசுடையது, ஒரு கையெழுத்துப் போதும். திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது தினமும் கையில் மிச்சமாகிற காசு. குடும்பத் தலைவிக்கான அந்த 1,000 ரூபாய் உரிமைத் தொகையும் மாநிலத்தின் கையில் இருந்ததுதான். ஆனால் அது 2023 செப்டம்பர் 15 வரை காத்திருந்தது. வந்தபோது ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்ற நிபந்தனைகளோடு வந்தது. பெட்ரோல் 3 ரூபாய் குறைந்தது. கொரோனாவால் வந்த பொருளாதாரச் சரிவு சீராகும் வரை சொத்து வரி ஏறாது என்று சொல்லியிருந்தார்கள். 2022 ஏப்ரலில் ஏறியது. 15ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை என்று அரசு காரணம் சொன்னது. உள்ளாட்சிக்கு மத்திய மானியம் வேண்டும் என்றால் வரியைத் திருத்த வேண்டும் என்பது உண்மைதான். அந்த நிபந்தனை தேர்தல் அறிக்கை வருவதற்கு முன்பே வெளியானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவற்றிலெல்லாம் கட்சிகளுக்குள் இருந்த வித்தியாசம் தொகையில்தான். திசை எல்லோருக்கும் ஒன்று. திசையே மாறுகிற இடம் எண்ணூர்.

நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தைச் சுற்றி இருக்கிற ஊர்கள் இவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு மணலிப் பக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு எண்ணெய் வந்தது. ஒரு வாரம் கழித்து நான் போனபோது கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஃபைபர் படகின் வயிற்றில் தார் பூசினமாதிரி ஒரு பட்டை. விரலால் தொட்டால் ஒட்டியது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போனது. வலை காய்ந்த தோல் மாதிரி விறைத்துக் கிடந்தது. மீனவர்களே பக்கெட்டும் மக்கும் வைத்துத் தண்ணீர் மேலிருந்து எண்ணெயை வழித்து டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த யாரும் ‘சுற்றுச்சூழல்’ என்பதை ஏதோ படித்தவர்கள் பேசுகிற விஷயம் என்று ஒதுக்க மாட்டார்கள். அங்கே அது நாளைக்கு அடுப்பு எரியுமா என்கிற கேள்வி. அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

இந்த இடத்தில்தான் சாவி யாரிடம் என்று கவனமாகப் பார்க்க வேண்டும். மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இந்தியன் ஆயிலின் கீழ் இருக்கிறது, அதாவது மத்திய அரசு நிறுவனம். காமராஜர் துறைமுகம் மத்திய அரசுடையது. வடசென்னை அனல்மின் நிலையமும், 2017இல் மூடிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் இடத்தில் வரவேண்டிய 660 மெகாவாட் நிலையமும் மாநில மின்வாரியத்துடையவை. காட்டுப்பள்ளி துறைமுகம் தனியாருடையது. ஆனால் அது சிறு துறைமுகம் என்ற வகையில் வருவதால் மாநிலத்தின் கடல்சார் வாரியத்துக்கு அதில் அதிகாரம் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று இருக்கிறது. மத்திய அரசு நிறுவனமோ தனியார் நிறுவனமோ, 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் இரண்டின்படியும் ஆலை ஓட இசைவாணை தருவது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆகவே ‘அது மத்திய அரசு கம்பெனி, நாங்கள் என்ன செய்ய முடியும்’ என்று ஒரு வேட்பாளர் சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி கிண்டியில் மாநில அரசின் ஓர் அலுவலகத்தில் இருக்கிறது.

2021இல் இந்தக் கரையில் பெரிய பேச்சு காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம். சுமார் 330 ஏக்கரில் இருக்கிற துறைமுகத்தை 6,110 ஏக்கருக்குப் பெரிதாக்குகிற திட்டம், மதிப்பு 53,000 கோடி ரூபாய்க்கும் மேல். காட்டுப்பள்ளி பொன்னேரித் தொகுதியில் இருந்தாலும், கடலுக்குத் தொகுதி எல்லை கிடையாது. அங்கே கடலில் கல் கொட்டினால் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் கரை அரிக்கும் என்பது மீனவர்களின் பயம். துறைமுகச் சுவர் எழும்பிய பிறகு வடக்கே கரை கரைந்ததை அவர்கள் ஏற்கெனவே கண்ணால் பார்த்தவர்கள்.

நாம் தமிழர் கட்சியின் சீமான் திருவொற்றியூரைத் தேர்ந்தெடுத்து நின்றார். காட்டுப்பள்ளி எதிர்ப்பையும் மீனவர் வாழ்வாதாரத்தையும் பிரச்சாரத்தின் முன்னால் வைத்தார். திமுக விரிவாக்கத்தை அனுமதிக்க மாட்டோம் என்றது. அதிமுக அப்போது ஆட்சியில் இருந்தது. அவர்கள் காலத்தில்தான் 2021 ஜனவரி 22ஆம் தேதிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் குறித்திருந்தார்கள், எதிர்ப்பு வலுக்கவே தள்ளி வைத்தார்கள். தேர்தலில் திமுகவின் கே.பி.சங்கர் ஜெயித்தார், அதிமுகவின் குப்பன் இரண்டாவது, சீமான் 48,500-க்கும் மேல் வாக்கு வாங்கி மூன்றாவது. இரண்டாவது இடத்துக்கும் மூன்றாவது இடத்துக்கும் வித்தியாசம் இரண்டாயிரம் ஓட்டுக்குள்தான். நிலமும் கடலும் பேசி அவ்வளவு வாக்கு வாங்க முடியும் என்பது வடசென்னை அரசியலுக்குப் புதுச் செய்தி.

அப்புறம் என்ன ஆனது? 2023 செப்டம்பர் 5ஆம் தேதிக்குக் கருத்துக்கேட்பு மறுபடியும் குறிக்கப்பட்டது, மறுபடியும் தள்ளிப்போனது. இரண்டு ஆட்சியிலும் ஒரே மாதிரி. ‘அனுமதிக்க மாட்டோம்’ என்பது ஒரு நிலைப்பாடு. ‘கூட்டத்தைத் தள்ளி வைக்கிறோம்’ என்பது வேறு. மேடையில் இரண்டுக்கும் கைதட்டல் ஒரே மாதிரி விழும். ஆனால் முதலாவதற்கு அமைச்சரவை முடிவோ, மாநில அரசின் எழுத்துப்பூர்வமான எதிர்ப்போ தேவை. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி தரும் திட்டம் என்றாலும், சிறு துறைமுகத்தில் மாநிலத்துக்கு இருக்கிற பிடியை வைத்துப் பேச முடியும். இங்கே ஓட்டுக் கேட்டு வருகிற யாரிடமும் நான் எதிர்பார்ப்பது அந்த எழுத்து.

அனல்மின் நிலையம் விஷயத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் ஏறக்குறைய ஒரே பக்கம். எண்ணூரின் 660 மெகாவாட் திட்டம் அதிமுக ஆட்சியில் தொடங்கி திமுக ஆட்சியிலும் கைவிடப்படவில்லை. 2024 டிசம்பரில் எர்ணாவூரில் நடந்த கருத்துக்கேட்பில் மைக்கைப் பிடித்தவர்களில் பெரும்பாலானோர் வேண்டாம் என்றார்கள். கழிமுகத்தில் சாம்பல் கழிவு படிந்ததற்கு மின்வாரியமே பொறுப்பு என்று பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஜூலையிலேயே சொல்லியிருந்தது. சாவி முழுக்க முழுக்க மாநிலத்திடம் இருக்கிற விஷயம் இது. அதனால்தான் நோட்டீஸில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லாதது எனக்கு உறுத்துகிறது.

மீனவர்களுக்கான வாக்குறுதி என்றாலே தடைக்கால நிவாரணம் பற்றித்தான் பேசுகிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது, 8,000 ஆக்குவோம் என்று திமுக சொன்னது, 2023இல் மண்டபம் மாநாட்டில் அது அறிவிப்பானது. நல்ல விஷயம். ஆனால் அது கடலுக்குப் போகிறவர்களை மனதில் வைத்த திட்டம். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி எறால் பிடிக்கிறவர்கள் கழிமுகத்தில் இருக்கிறார்கள். இருளர் குடும்பங்கள் அதில் நிறைய. அவர்களுடைய தொழிலை நிறுத்துவது தடைக்காலம் இல்லை, சாம்பலும் எண்ணெயும்தான். எண்ணெய் வந்த பிறகு மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் வீதம் அறிவித்தார்கள். அது அன்றைக்கு அரிசிக்கு ஆனது. எறால் திரும்பி வருவதற்கு என்ன திட்டம் என்பது தனிக் கேள்வி, அதற்குப் பதில் சொன்ன வேட்பாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது குப்பைமேடு. கொடுங்கையூரில் ஏறக்குறைய 340 ஏக்கர். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் படுக்க வேண்டும். எழில் நகர்ப் பிள்ளைகள் அந்தப் புகையில்தான் வளர்கிறார்கள். ‘கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குத் தீர்வு’ என்று எல்லா நோட்டீஸிலும் இருக்கிறது என்றேன் அல்லவா? அந்த ‘தீர்வு’ என்ற ஒரே சொல்லுக்குள் நேர் எதிரான இரண்டு கொள்கைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்பது. 640 கோடி ரூபாயில் மாநகராட்சி அந்த வேலையை எடுத்திருக்கிறது, அதை யாரும் எதிர்க்கவில்லை. இன்னொன்று, தினமும் 2,100 டன் குப்பையை அங்கேயே எரித்து 21 மெகாவாட் மின்சாரம் எடுக்கிற எரிஉலை. இதை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னைக் குடியிருப்போர் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள்.

எரிப்பதை ஆதரிக்கிறவர்களிடமும் ஒரு வாதம் இருக்கிறது. நகரத்தில் தினமும் சேருகிற குப்பையை வேறு எங்கே கொட்டுவது, மலை மேல் மலையாக ஏற்றுவதைவிட இது மேல் என்கிறார்கள். எதிர்க்கிறவர்கள், நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை, அதை எரித்தால் என்ன மின்சாரம் வரும், தெருவிலேயே பிரித்து உரமாக்குங்கள் என்கிறார்கள். மணலி, எண்ணூர்ப் புகைபோக்கிகளோடு இன்னொன்றும் சேர வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம்தான். ஆனால் என் பக்கம் எது என்பதைவிட முக்கியம், வேட்பாளர் எந்தப் பக்கம் என்று ஓட்டுப் போடுகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். இங்கே சாவி மாநகராட்சி மன்றத்திடமும் நகராட்சி நிர்வாகத் துறையிடமும் இருக்கிறது. 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை சென்னைக்கு மன்றமே இல்லை, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். அந்த வருடங்களில் குப்பை பற்றி எடுத்த முடிவுகளில் நம் வார்டுக்காரர் யாரும் கை தூக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது.

வீட்டு விஷயத்திலும் ஒரு சொல் பல பொருளில் புழங்குகிறது. ‘ஹவுசிங் போர்டு’ என்று நாம் கூப்பிடுகிற குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதன் குடியிருப்பில் இருக்கிறவரிடம் பெரும்பாலும் ஒதுக்கீட்டு ஆணைதான் இருக்கும், கிரையப் பத்திரம் இருக்காது. கால்வாய் ஓரத்திலும் புறம்போக்கிலும் இருக்கிறவர்களிடம் அதுவும் கிடையாது. ‘வீட்டுக்கு உரிமை’ என்று ஒரு வேட்பாளர் சொன்னால், பட்டாவா, பத்திரமா, இருந்த இடத்திலேயே வீடா, இல்லை நகரத்தின் தென்கோடியில் இருக்கிற பெரும்பாக்கத்துக்கு அனுப்புகிற வீடா என்று கேட்க வேண்டும். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போன எத்தனையோ குடும்பங்களின் வேலையும் பள்ளியும் இங்கேயே தங்கிவிட்டன.

அதிமுக 2021இல் ‘அம்மா இல்லம்’ என்று எல்லோருக்கும் வீடு வாக்களித்தது. அதே ஆட்சியில் கட்டிய புளியந்தோப்பு கே.பி.பார்க் அடுக்குமாடியில் கை வைத்தால் பூச்சு உதிர்ந்ததை 2021 ஆகஸ்ட்டில் எல்லாத் தொலைக்காட்சியும் காட்டின. பட்டா பக்கத்தில் ஒரு பெரிய முடிவு 2025 பிப்ரவரியில் வந்தது. சென்னையைச் சுற்றி ‘பெல்ட் ஏரியா’ என்று 1962இலிருந்து பட்டா தர முடியாமல் கட்டிப் போட்டிருந்த விதியைத் தளர்த்தி, மாநிலம் முழுக்க 86,000 பேருக்குப் பட்டா தருவதாக அமைச்சரவை முடிவெடுத்தது. அதில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு 29,187. அறுபது வருடமாக எல்லா வேட்பாளரும் வாக்களித்த பட்டாவுக்கு முட்டுக்கட்டை ஒரு பழைய விதி, சாவி அமைச்சரவையிடம். நீர்நிலை ஓரத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் இந்த வழியிலும் கதவு திறக்காது. நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கூடாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. கால்வாய்க் கரையில் நின்றுகொண்டு ‘எல்லோருக்கும் பட்டா’ என்று மைக்கில் சொல்கிறவர் அந்த மக்களை ஏமாற்றுகிறார்.

யார் கொண்டுவந்தது என்ற சண்டையில் நான் அதிக நேரம் செலவிட மாட்டேன். விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் மெட்ரோவுக்கு ஜெயலலிதா 2016இல் அடிக்கல் நாட்டினார், 2021 பிப்ரவரி 14 அன்று பிரதமர் தொடங்கி வைத்தார், சென்னைக்கு மெட்ரோ என்ற திட்டமே கருணாநிதி ஆட்சியில் தொடங்கியது. மூன்று பேருக்கும் பங்கு உண்டு. திருவொற்றியூர் சூரை மீன்பிடித் துறைமுகமும் ஒரு ஆட்சியில் தொடங்கி அடுத்த ஆட்சியில் திறந்தது.

வடசென்னை வளர்ச்சித் திட்டம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள், 2024 மார்ச்சில் 4,181 கோடியாகத் தொடங்கினார்கள். பேருந்து நிலையம், சந்தை, சமுதாயக் கூடம், நூலகம், பள்ளிக் கட்டடம் என்று வேலைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் வீட்டில் மேசை இல்லாத பிள்ளைகள் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிறதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. தென்சென்னைக்குப் பல வருடம் முன்பே கிடைத்தது இப்போதுதான் வருகிறது. இதே பணம் காற்றையும் கழிமுகத்தையும் தொடவில்லை என்பதுதான் என் வருத்தம். கட்டடம் கட்டுவதற்கு யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஆலையின் இசைவாணையை நிறுத்தி வைக்க வேண்டுமானால் பகைத்துக்கொள்ள வேண்டும்.

ஜெயித்து வருகிற எம்.எல்.ஏ. தனியாக என்ன செய்ய முடியும்? தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். அதில் நிழற்குடை, வகுப்பறை, போர்வெல் முடியும், மேம்பாலம் முடியாது. 2022 ஆகஸ்ட்டில் முதல்வர் ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதிக்குப் பத்துக் கோரிக்கை கேட்டார். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்களும் பட்டியல் கொடுத்தார்கள். அந்தப் பத்தில் என்ன எழுதினீர்கள் என்று நம் எம்.எல்.ஏ.வைக் கேட்டால், அவருடைய உண்மையான கொள்கை அறிக்கை அதுவாகத்தான் இருக்கும். தேர்தல் அறிக்கை பற்றி 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, தேர்தல் ஆணையம் அடுத்த வருடம் ஒரு விதி கொண்டுவந்தது. வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து என்று கட்சி பொதுவாகவாவது சொல்ல வேண்டும் என்கிறது அது. சொல்லாவிட்டால் தண்டனை இல்லை. கேட்கிற வேலை நம்மிடம்தான் வந்து சேர்கிறது.

எங்கள் எதிர்வீட்டு அக்கா காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு வெள்ளை போர்டு பஸ்ஸில் போய் விற்கிறவர். நோட்டீஸ்களைப் பரப்பி வைத்திருந்த அன்றைக்கு உள்ளே வந்து பார்த்தார். எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, கொடுங்கையூர் என்று இருந்த வரியில் விரலை வைத்தார். “இங்க எரிக்கப் போறாங்களா, மாட்டாங்களா? அதை இதுல எங்கயும் காணோமே தம்பி” என்றார்.